எண்ணெய் கலக்காத ஒரு டேங்க் பெட்ரோல்

நாமக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் ஆதார் அட்டைக்கும் பத்திரத்துக்கும் நகல் எடுத்துக் கொடுக்கிற ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எனக்கு வேறு மரியாதை. பதினோரு பேர் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளைக் கிளப்பிக்கொண்டு கொல்லிமலை ஏறுவோம். இறங்கி வந்து டீக்கடையில் உட்கார்ந்ததும் நான் பேசுவேன், மற்ற பத்துப் பேரும் கேட்பார்கள். கார்புரேட்டர், சைலன்சர், பிஸ்டன், எதில் சந்தேகம் என்றாலும் கடைசி வார்த்தை என்னுடையதுதான். அந்த வாய்தான் என்னை இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில் கொண்டுபோய்த் தலைகுனிய வைத்தது.

டூ-ஸ்ட்ரோக் பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் என் வெட்கம் புரியாது. இப்போது ஓடுகிற வண்டிகளில் எஞ்சின் ஆயில் அடியில் தனியாகக் கிடக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் அப்படியில்லை. ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்தே உள்ளே போய், பிஸ்டனுக்கு வழுக்கல் கொடுத்து, எரிந்து நீலப் புகையாக வெளியே வரும். ஆயிலை அளந்து நாமே பெட்ரோலில் கலக்கலாம். அல்லது வண்டியின் பக்கவாட்டில் ஆயிலுக்கென்று ஒரு சின்ன டேங்க் இருக்கும், அதிலிருந்து ஒரு பம்ப் தானாக இழுத்துக் கொடுக்கும். இரண்டில் ஒன்று நடந்தாக வேண்டும். நடக்காவிட்டால் கொஞ்ச தூரத்திலேயே பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டு நின்றுவிடும். எங்கள் கூட்டத்தில் புதிதாகச் சேருகிறவருக்கு முதல் நாள் சொல்லித்தரும் பாடம் இது. சொல்லித்தருவது நான்தான்.

என்னுடையது ஜப்பானில் செய்த நூற்றிருபத்தைந்து சிசி வண்டி. மேடு பள்ளம் பார்க்காமல் ஏறும், நின்றால் இடுப்புக்கு மேல் வரும். தேய்ந்துபோன அதன் சிலிண்டர் பிளாக்கை இதற்கு மேல் கடைய இடமில்லை என்று பட்டறையில் கைவிரித்துவிட்டார்கள். டூ-ஸ்ட்ரோக் பைத்தியங்கள் கூடும் ஒரு போன் குழுவில் கேட்டு வைத்தேன். இலங்கையில் பலாபத்வல என்ற ஊரிலிருந்து நிஸாம் என்பவர் குரல் பதிவு அனுப்பினார். அவரிடமும் அதே வண்டி இருக்கிறது, ஒரு புது பிளாக்கும் பிஸ்டனும் பிரிக்காமல் இருக்கின்றன. “தபால்ல அனுப்பினா உடைஞ்சிரும் சேர். வந்து எடுத்துக்கிட்டுப் போங்க, நம்ம ஊரையும் பாத்த மாதிரி இருக்கும்.” ஒரு இரும்புத் துண்டுக்காகக் கடல் தாண்டுகிற மனிதனை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள் என் மனைவி.

முதல் நாள் காலை மாத்தளையில் இறங்கியபோது நல்ல பசி. ஒரு முஸ்லிம் ஹோட்டலில் உட்கார்ந்தேன். கேட்பதற்கு முன்பே மீன் பணிஸ், ரோல்ஸ், முட்டை வைத்த ரொட்டி எல்லாம் அடுக்கிய தட்டு ஒன்றை முன்னால் வைத்துவிட்டு ஆள் போய்விட்டார். இத்தனையை யார் தின்பது என்று திகைத்தேன். பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துத்தான் வழக்கம் புரிந்தது. வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை அப்படியே விட்டுவிட வேண்டும். எழுந்து போகும்போது, “எத்தனை எடுத்தீங்க?” என்று நம்மிடமே கேட்கிறார்கள். நாம் சொல்வதுதான் கணக்கு. எங்கள் பேருந்து நிலையத்தில் இப்படி ஒரு தட்டை வைத்துவிட்டு நகர்ந்தால் தட்டே மிஞ்சாது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். சிரித்தவனின் யோக்கியதை மறுநாள் தெரிந்தது.

பலாபத்வலவுக்குப் போன பஸ்ஸில் ஓட்டுநருக்கு முன்னால் புத்தர், பிள்ளையார் இருவருக்கும் கலர் பல்பு. யாழ்ப்பாணம் போகும் பெரிய சாலை அது. பஸ் பறந்தது. ஆனால் நடந்து கடப்பவர்களுக்கான மஞ்சள் கோட்டில் ஒரு பெண் காலெடுத்து வைத்ததும் அத்தனை வேகத்தையும் விட்டுவிட்டு நின்றது. நாமக்கல் லாரிகளுக்கு நடுவே சாலை கடந்து பழகிய எனக்கு அதை நம்பவே கொஞ்ச நேரம் ஆனது.

நிஸாமுக்கு அறுபது வயது இருக்கும். மிளகு, சாதிக்காய், கொக்கோ வாங்கி விற்கிறவர். சாலையோரம் கடை, பின்னால் வீடு, நடுவே பாயில் மிளகு காய்கிறது. அங்கே அண்ணனை நானா என்பார்கள் என்று தெரிந்து நானும் நிஸாம் நானா என்றே கூப்பிட்டேன். அவர் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து, எண்ணெய்த் துணியைப் பிரித்து, பிளாக்கை என் கையில் வைத்தார். புத்தம் புதுசு. பக்கத்திலேயே பிஸ்டன். நான் அதைத் தடவிக்கொண்டிருந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, கொட்டகையில் நின்ற தன் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது செபஸ்தி பாஸ் கட்டின எஞ்சின் சேர். போன கிழமதான் முடிஞ்சிச்சி,” என்றார்.

கைத்தொழில் தேர்ந்தவரை அங்கே பாஸ் என்கிறார்கள். செபஸ்தி, தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கத் தமிழர். பலாபத்வல சந்திக்குப் பக்கத்தில் நாற்பது வருடமாக மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறார். போன வருடம் அவருக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்து ஒரு கண்ணுக்கு அறுவை நடந்திருக்கிறது. கண் நன்றாகிவிட்டது. ஆனால் ஊர் நம்பவில்லை.

“பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல விடுற இடைவெளி தலமுடி அளவு கூட இல்ல. அத இவர் கண்ணு பாக்குமான்னு கேக்குறாங்க. ஆறு மாசமா ஒருத்தனும் ஒரு எஞ்சினக் கொண்டு குடுக்கல்ல. டியூப் ஒட்டுறதும் காத்து அடிக்கிறதும்தான் அவருக்கு வேல. அதுதான் என்ட பைக்க நானே கொண்டுபோய்க் கழட்டுங்கன்னு குடுத்தேன். இது ஓடுற சத்தத்த ஊர் கேக்கட்டும். கேட்டா மத்தவனும் வருவான்,” என்றார் நிஸாம் நானா.

சாயங்காலம் செபஸ்தி பாஸே வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக ஸ்பார்க் பிளக். ஒவ்வொரு நாளும் வந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போவாராம். நிஸாம் நானாவின் மனைவி கொடுத்த பால் கலக்காத பிளேன்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் பேசத் தொடங்கினேன். ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். புகையின் நிறத்தை வைத்து எஞ்சினின் உடல்நிலையைச் சொல்வது எப்படி என்று நாற்பது வருட மெக்கானிக்குக்கே சொல்லிக்கொடுத்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

“நல்லாப் பேசுறீங்க சேர். நிஸாம் நானா, நாளைக்கு இவரு கிட்ட பைக்கக் குடுங்க. அம்பதுக்கு மேல போகாம நாவுல பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வரட்டும். எஞ்சின் தெரிஞ்ச ஆளு கையில ஓடினா எஞ்சினுக்கும் நல்லது,” என்றார்.

இரண்டாம் நாள் காலை இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு ஹெல்மெட்டை மாட்டினேன். நிஸாம் நானா டேங்க் மூடியைத் தட்டிக் காட்டினார். “பெட்ரோல் கொஞ்சம்தான் இருக்கு தம்பி. நாவுல ஷெட்ல அடிங்க. அடிக்கிற நேரம் ஒயில்…”

ராத்திரிச் சாப்பாட்டின்போதே நான் அவருக்குத் தம்பி ஆகியிருந்தேன். அந்த உரிமையில் இடைமறித்தேன். “நானா, ஆயிலைப் பத்தி எனக்கா சொல்றீங்க?”

அவர் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் தூக்கினார். “சரி சரி. தெரிஞ்ச ஆளுக்கு என்னத்தச் சொல்ல.”

மூன்றாவது உதையில் கிளம்பியது. அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும். இப்போதைய வண்டிகள் முணுமுணுக்கும், இது கேள்வி கேட்கும். ஆக்ஸிலேட்டரைப் பாதி திருகும் வரை சாதுவாகப் போகும். அதைத் தாண்டியதும் எஞ்சினுக்குள் வேறு யாரோ கண் விழித்தது போல முன்சக்கரம் லேசாகும், கை இரண்டும் தானாக ஹாண்டிலை இறுக்கும், வயிறு முதுகோடு ஒட்டிக்கொள்ளும். நாலந்தாவைத் தாண்டும்போதே ஐம்பது என்ற கணக்கு எனக்கு மறந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரு நீலக் கோடு. தம்புள்ளைக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லொறிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கினேன். ஒரு லொறியில் கத்தரிக்காய் மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ஆள் கை தட்டினார். நாற்பத்தொன்பது வயதில் கைதட்டல் வாங்குவது லேசுப்பட்ட விஷயமா?

பெட்ரோல் பங்க்கைத்தான் அங்கே ஷெட் என்கிறார்கள். நாவுல ஷெட்டில் டேங்கை நிறைக்கச் சொன்னேன். பெட்ரோல் அடித்தவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், அலமாரியிலிருந்து ஒரு ஆயில் போத்தலை எடுத்து ஆட்டிக் காட்டினார். வேண்டாம் என்று கையசைத்தேன். குனிந்து, பக்கவாட்டு ஆயில் டேங்கின் கண்ணாடியைத் தட்டிக் காட்டினேன். அதில் ஆயில் தளும்பத் தளும்ப இருந்தது. என் வண்டியிலும் அப்படித்தான், பம்ப் இழுத்துக்கொள்ளும். அவர் மறுபடியும் என்னவோ சொன்னார். நான் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டுக் கிளம்பினேன். இரண்டு பேர் இரண்டு முறை சொல்ல வந்தும் நான் காது கொடுக்கவில்லை.

பெரிய சாலையை விட்டு ஒரு சின்ன ஏற்றத்தில் திரும்பினேன். வண்டி முன்பை விட உற்சாகமாக இருந்தது. சத்தம் கூர்மையாகிவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன், புகையே இல்லை. செபஸ்தி பாஸ் பெரிய கைகாரர், எவ்வளவு சுத்தமாக எரிகிறது பார் என்று வாய்விட்டுச் சொன்னேன். டூ-ஸ்ட்ரோக்கில் புகை நின்றுபோனால் அது எதற்கு அடையாளம் என்று முந்தின நாள் சாயங்காலம் விரிவுரை நிகழ்த்தியவன் நான்தான்.

இரண்டாவது வளைவில் எஞ்சின் ஒரு முறை கீச்சிட்டது. பின்சக்கரம் அப்படியே இறுகியது. வண்டி இழுத்துக்கொண்டு போய் ஓடையோரப் புல்லில் சாய்ந்தது, நானும் கூடவே விழுந்தேன். முழங்கால் சிராய்த்தது. எழுந்து உதைத்துப் பார்த்தேன், கிக்கர் கல் மாதிரி நின்றது. சூடான இரும்பு நாற்றம் அடித்தது.

ஆயில் டேங்கைப் பார்த்தேன். காலையில் இருந்த மட்டத்திலிருந்து ஒரு நூல் கூட இறங்கவில்லை. அதிலிருந்து போகும் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனேன். பாதியில் குழாயை வெட்டி, ஒரு போல்ட்டைச் செருகி, கம்பியால் கட்டியிருந்தார்கள். பம்ப்பே இல்லை. எப்போதோ கெட்டுப்போய் எடுத்திருக்கிறார்கள். பெட்ரோலில் கலப்பதற்கான ஆயிலை வைத்துக்கொள்ளும் பாத்திரமாகத்தான் அந்தப் பக்க டேங்க் இருந்திருக்கிறது. நிஸாம் நானா காலையில் சொல்ல வந்தது அதைத்தான்.

எஞ்சின் ஆறினால் ஒருவேளை விட்டுக்கொடுக்கும் என்று நினைத்தேன். அதற்காகப் பக்க டேங்கிலிருந்து ஆயிலை மூடியில் பிடித்துப் பிடித்துப் பெட்ரோலில் ஊற்றிக் கலக்கினேன். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அது சத்தியம். ஆனால் ஊற்றி முடித்து மூடியைத் திருகும்போதே ஒரு விஷயம் உறைத்தது. இனி யார் திறந்து பார்த்தாலும் நான் எல்லாவற்றையும் முறைப்படி செய்தவனாகத்தான் தெரிவேன். அந்த நினைப்பு எனக்கு ஆறுதலாக இருந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கை டிராக்டரின் பெட்டியில் பாகற்காய் ஏற்றிக்கொண்டு ஒரு விவசாயி வந்தார். சிங்களவர், தமிழ் அரைகுறை. என் முழங்காலைப் பார்த்ததும் இறங்கி, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து காயத்தில் ஊற்றினார். பிறகு வண்டியைப் பார்த்து முகம் மாறினார். “நிஸாம் முதலாளி பைக். செபஸ்தி பாஸ் செஞ்ச எஞ்சின், இல்லையா?” இருபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் கூட அந்தச் செய்தி எட்டியிருக்கிறது. ஆமாம் என்றேன். அவர் உச்சுக்கொட்டி, தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, பாவம் என்பது போலத் தலையாட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. பாகற்காய் மூட்டைகளுக்கு நடுவே வண்டியும் நானும் நாவுல போய்ச் சேர்ந்தோம்.

நிஸாம் நானா ஒரு சின்ன லொறியைப் பிடித்துக்கொண்டு வந்தார். முதலில் என் காலைத்தான் பார்த்தார். “உடம்புக்கு ஒண்டும் இல்லையே? அல்ஹம்துலில்லாஹ். இரும்பு எப்பவும் செஞ்சிக்கலாம்.” பிறகுதான் கேட்டார், என்ன நடந்தது என்று.

“போய்க்கிட்டே இருந்தேன் நானா. தானா லாக் ஆயிடுச்சு,” என்றேன்.

மதியத்துக்குப் பிறகு பட்டறையில் எஞ்சினைத் திறந்தார்கள். செய்தி எங்களுக்கு முன்பே வந்துவிட்டது போலிருந்தது, ஐந்தாறு பேர் நின்றார்கள். பட்டறைக்கு எதிரே த்ரீவீல் ஆட்டோ நிறுத்தும் சுனில் என்பவர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, நிஸாம் நானா சட்டென்று திரும்பி அவரை அதட்டினார். என்ன சொன்னார் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ‘டியூப் ஒட்டுகிற கண்ணை நம்பி பிஸ்டன் போடலாமா’ என்றிருக்கிறார்.

பிஸ்டனின் பக்கமெல்லாம் நகத்தால் பிறாண்டிய மாதிரி கோடுகள். சிலிண்டரும் அதே கதிதான். செபஸ்தி பாஸ் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மற்றதை மூடிப் பார்த்தார். டேங்கைத் திறந்து விரலை நனைத்து முகர்ந்தார். பக்க டேங்கில் ஆயில் குறைந்திருப்பதைப் பார்த்தார். பிறகு என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்.

“சேர், கேக்கிறேன்னு கோவிச்சுக்காதீங்க. ஒயில் கலந்துதானே அடிச்சீங்க?”

“கலந்துதான் பாஸ்.”

“ஆமா, உங்களுக்குத் தெரியாததா? கேட்டது என் தப்பு,” என்றார். பிறகு பிஸ்டனை மேசையில் வைத்துவிட்டு, யாரிடமும் இல்லாமல், “அப்ப இடைவெளி கொறைச்சலா விட்டுட்டேன் போல,” என்றார்.

அன்று சாப்பாட்டுக்கு நிஸாம் நானா வீட்டில் நெய்ச்சோறு, கோழிக்கறி, கத்தரிக்காய் மோஜு. எனக்குத் தொண்டையில் இறங்காது என்று நினைத்தேன். இறங்கியது, இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன். அதற்கும் சேர்த்தே வெட்கப்படுகிறேன். நிஸாம் நானா பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் பையின் மேல் வைத்தார். அவருடைய சிலிண்டர் போய்விட்டது, அந்த ஊரில் அதற்கு மாற்று இந்த ஒரு பிளாக்தான். அது எங்கள் இருவருக்குமே தெரியும். “சொன்ன சொல்லு சொன்னதுதான் தம்பி. இது உங்களுக்கு. எனக்கு இன்ஷா அல்லா வேற ஒண்டு கெடைக்கும்,” என்றார். சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. காலையில் சொல்லலாம் என்று தள்ளிவைத்தேன். காலையில் பஸ் ஏறிவிடலாம் என்ற எண்ணமும் அதற்குப் பக்கத்திலேயே ஒளிந்திருந்தது.

மூன்றாம் நாள். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். போகிற வழியில் செபஸ்தி பாஸிடம் சொல்லிக்கொள்ளாமல் போனால் மரியாதையில்லை என்று நிஸாம் நானா கூட்டிப்போனார். பட்டறை திறந்திருந்தது. செபஸ்தி பாஸ் ஒரு துணியை விரித்து அதில் சில கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ரிங் மாட்டும் இடுக்கி, சிலிண்டர் அளக்கும் கருவி, இடைவெளி பார்க்கும் மெல்லிய எஃகுத் தகடுகளின் கட்டு. அந்தத் தகடுகளில் எண்கள் எறும்புத் தலை அளவில்தான் பொறித்திருக்கும்.

“நல்லதாப் போச்சி, வந்தீங்க,” என்று மூட்டையை நிஸாம் நானாவிடம் நீட்டினார். “இதுகள நீங்க வச்சிக்குங்க நானா. மாத்தளையில நல்ல கைக்குக் குடுங்க. எனக்கு டியூபும் காத்தும் போதும்.”

“என்னத்துக்கு பாஸ் இப்படி? ஒரு எஞ்சின் புடிச்சி நின்னா என்ன?”

“அது இல்ல நானா. ராத்திரி பூரா முழிச்சிக்கிட்டுப் பாத்தேன். பைபிள் எழுத்து தெரியுது. மருந்துப் பெட்டியில இருக்கிற பொடி எழுத்து தெரியுது. வீட்டம்மா ஊசி குடுத்தாங்க, நூல் கோத்தேன். எல்லாம் தெரியுது. அப்பிடித் தெரிஞ்சும் எஞ்சின் புடிச்சிருக்கு. அப்ப என் கண்ணு எனக்கே பொய் சொல்லுது. அதுக்கு மேல இந்த வேல செய்யக் கூடாதுங்க.”

பையைக் கீழே வைத்தேன்.

“பாஸ், உங்க கண்ணு பொய் சொல்லல. நான்தான் சொன்னேன். நான் ஆயில் கலக்கல.”

நானே தொடர்ந்தேன். ஷெட்டில் போத்தலைக் காட்டியதும், வேண்டாம் என்று கையசைத்ததும், குழாயில் செருகிய போல்ட்டைப் பிறகுதான் பார்த்ததும், எஞ்சின் நின்றபின் ஆயிலை ஊற்றியதும், எல்லாம்.

செபஸ்தி பாஸ் அங்கிருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். “ஒரு சொட்டுக் கூட கலக்கல்லையா?”

“ஒரு சொட்டுக் கூட இல்ல பாஸ்.”

“அப்ப நான் விட்ட இடைவெளி சரி.”

“சரிதான் பாஸ்.”

அவர் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டைத் தோளில் கண்ணைத் துடைத்தார், அறுவை செய்த கண்ணை. நிஸாம் நானா மட்டும் சிரிக்கவில்லை. “நேத்து அவர் உங்க மொகத்தப் பாத்துக் கேட்டாரே சேர்,” என்றார். தம்பி போய் மறுபடியும் சேர் வந்திருந்தது.

செபஸ்தி பாஸ் எழுந்தார். “எனக்குச் சொன்னா பத்தாதுங்க. அந்தா சுனில் நிக்கிறாரு. அவரு கிட்டயும் சொல்லுங்க. அவரு த்ரீவீல்ல ஏறுற ஆளுக்கெல்லாம் சொல்லிருவாரு.”

சாலையைக் கடந்து போனோம். நான் தமிழில் ஒரு வாக்கியம் சொல்ல, நிஸாம் நானா அதைச் சிங்களத்தில் சொன்னார். த்ரீவீல்காரர்கள் நான்கு பேர், லாட்டரிச் சீட்டு விற்கும் அம்மா ஒருவர், பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று கூட்டம் சேர்ந்தது. என் குற்றத்தை நானே தவணை முறையில் கேட்டுக்கொண்டிருந்தேன். முடிந்ததும் சுனில் நிஸாம் நானாவிடம் ஒன்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ‘முந்தாநாள் செபஸ்தி பாஸுக்கு டூ-ஸ்ட்ரோக் பாடம் நடத்திய இந்தியாக்கார மாத்தயா, அதாவது ஐயா, இவர்தானா’ என்று கேட்டாராம். ஆமாம் என்று நானே தலையாட்டினேன்.

திரும்பி வந்து பிஸ்கட் டின்னைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். நிஸாம் நானா வேண்டாம் என்று சொல்லவில்லை. பிளாக்குக்கு முதல் நாளே நான் கொடுத்திருந்த பணத்தைத் திருப்பி நீட்டினார், வாங்கிக்கொள்ள எனக்கு முகமில்லை. செபஸ்தி பாஸ் மூட்டையை அவிழ்த்துக் கருவிகளை அவற்றின் ஆணிகளிலேயே மாட்டினார். சுனிலையும் மற்றவர்களையும் உள்ளே கூப்பிட்டார். அறுவை செய்யாத கண்ணை ஒரு உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, தகட்டுக் கட்டைப் பிரித்து, வேண்டியதை ஒரே தடவையில் எடுத்து, எண்ணைச் சத்தமாகப் படித்தார். அதைச் சுனில் கையில் கொடுத்துச் சரி பார்க்கச் சொன்னார். சுனிலுக்கு அது தெரியவில்லை, போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டார். என்னை ஒரு கருவியையும் தொடவிடவில்லை. “நீங்க பாத்துக்கிட்டு இருங்க சேர்,” என்றார்.

மதியத்துக்குள் அந்தப் புது பிளாக்கோடு எஞ்சின் ஏறியது. இரண்டாவது உதையில் கிளம்பி, பட்டறை நிறைய நீலப் புகை. அத்தனை பேரும் இருமிக்கொண்டே கை தட்டினார்கள். எனக்கு அந்தப் புகையில் முகத்தை மறைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

நிஸாம் நானா அதே வண்டியில் பின்னால் உட்காரவைத்து மாத்தளையில் விட்டார். ஐம்பதைத் தாண்டவில்லை. இறங்கியதும் கை கொடுத்தார். “கவனமாப் போங்க சேர்,” என்றார். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. முதல் நாள் சாப்பிட்ட ஹோட்டலில் உட்கார்ந்தேன், அதே மாதிரி நிறைந்த தட்டு வந்தது. எழுந்தபோது எத்தனை எடுத்தீங்க என்று கேட்டார்கள். “ரெண்டு” என்று சொல்வதற்குள் எனக்கு நாக்கு தடுமாறியது. இரண்டுதான் எடுத்திருந்தேன்.

ஊருக்கு வந்ததும் எங்கள் கூட்டத்தில், பிளாக் அளவு சரியில்லை என்று சொல்லிவைத்தேன். ஆமாம், அங்கே அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொண்டவன் இங்கே பத்துப் பேரிடம் மறைத்தேன். என் வண்டி தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அடுத்தவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போய், டீக்கடையில் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் செபஸ்தி பாஸ் குரல் பதிவு அனுப்பினார். பின்னணியில் ஒரு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது.

“சேர், நல்லா இருக்கீங்களா? இங்க வேல கொஞ்சம் கூடிப்போச்சுங்க. இன்னைக்கு தம்புள்ளையில இருந்து ஒருத்தரு பைக்க லொறியில ஏத்திக்கிட்டு வந்தாரு. எஞ்சின் புடிச்சிருக்கு. என்ன நடந்திச்சின்னு கேட்டேன். அவரு உங்களப் பாத்ததே இல்லிங்க. ‘பாஸ், நாமக்கல் அடிச்சிட்டேன்’னு சொல்றாரு. இங்க எல்லாரும் இப்ப அப்பிடித்தான் சொல்றாங்க. ஒயில் கலக்காம அடிச்சா, நாமக்கல் அடிச்சிட்டான்னு. ஷெட்ல கூட போத்தலக் காட்டி, நாமக்கல்லா, ஒயிலான்னு கேக்கிறாங்களாம். கோவிச்சுக்காதீங்க. நிஸாம் நானா பக்கத்துலதான் இருக்காரு. தம்பிக்கு சலாம் சொல்லச் சொல்றாரு.”

ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் போனை மேசை நடுவில் வைத்து அதைப் பத்துப் பேருக்கும் போட்டுக் காட்டினேன். எஞ்சின் சத்தத்தில் பாதி அவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. முடிந்ததும் ஒருவர் என் தோளில் தட்டினார்.

“பரவாயில்லையே, நம்ம ஊர் பேரை இலங்கை வரைக்கும் கொண்டுபோயிட்டீங்களே,” என்றார். மற்றவர்களும் பெருமையாகச் சிரித்தார்கள்.

இன்னொரு டீ சொல்லிவிட்டு, நடந்ததை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.